சித்திரையில மனை பாக்காதலே!

வாலே பேராண்டி, வா. திண்ணையில உக்காரு. கையில இருக்கிற செல்லக் கொஞ்சம் கீழ வையி. அது எங்கயும் ஓடிப் போயிராது.

மழை வருதாமே? செல்லு சொல்லிச்சாக்கும். மஞ்சள் எச்சரிக்கையாம், ஆரஞ்சு எச்சரிக்கையாம், சேப்பு எச்சரிக்கையாம். வானத்துக்கு இம்புட்டுக் கலர் இருக்கிறது எங்களுக்குத் தெரியாமப் போச்சு. குமரிக் கடல்ல சுழற்சி எங்கன கெடக்கு, மணிக்கு எத்தன கிலோமீட்டர் நகருதுன்னு மனப்பாடமா ஒப்பிக்குத. செயற்கைக்கோள் படத்த ரெண்டு வெரலால இழுத்துப் பெருசாக்கிக் காட்டுத. கெட்டிக்காரன்தான், ஒத்துக்கிடுதேன். இப்பம் நான் ஒண்ணே ஒண்ணு கேக்குதேன், பதில் சொல்லு. ஒன் வீட்டு முத்தத்துல விழுத தண்ணி எந்தத் தெருவழியா ஓடி எந்தக் குளத்துல போய்ச் சேரும்? அந்தக் குளம் நெறஞ்சா மறுகால் எங்கன பாயும்?

என்னலே முழிக்க? குமரிக் கடல் தெரியுது, கொல்லைப்பக்கம் தெரியல.

செல்லு சொல்லுதது பொய்னு நான் சொல்லலைலே. அது சொல்லுதத சொல்லட்டும். மழை வருதுன்னு அது சொல்லும். ஒன் வீட்டுக்குள்ள வருமா, வாசலோட போயிருமான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கணக்கு மனை வாங்குத அன்னைக்கே எழுதியாச்சு.

2023 டிசம்பர் 17 நெனப்பிருக்கா? ஞாயித்துக்கெழம. மார்கழி மாசம் பொறந்த நாளு. பொம்பளைய கோலப்பொடிய எடுத்துக்கிட்டு வெளிய வந்தா, கோலம் போட வாசலக் காணும். நம்ம பெருசுக கம்பீரமா ஒரு பழமொழி சொல்லுவாவ பாரு, கார்த்திகைக்கு மேல மழையும் இல்ல, கர்ணனுக்கு மேல கொடையும் இல்லன்னு. கார்த்திகை முடிஞ்ச மறுநாளே வந்து பழமொழியோட மூக்க ஒடச்சிட்டுப் போயிட்டு மழை. அதனால பழமொழி சொல்லுத கெழடுகளையும் முழுசா நம்பாத. என்னையுந்தான்.

அன்னைக்கு காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூர்ல 69. ஸ்ரீவைகுண்டத்துல 62. நீ அத ‘ரெக்கார்டு’ன்னு சொல்லி கூட்டாளிமாருக்கு அனுப்பிச்ச. சரி, 95 சென்டிமீட்டர்னா எம்புட்டுன்னு ஒரு நிமிசம் யோசிச்சியா? எந்திரி. நில்லு. ஒன் இடுப்ப இந்தக் கையால தொடு. அங்கனதான் நிக்கும். ஒரு சொட்டு ஓடாம, ஒரு சொட்டு மண்ணுக்குள்ள எறங்காம இருந்தா, அந்த ஊரு பூராவும் வீடு, தெரு, திடலு எல்லாத்துலயும் ஒன் இடுப்பளவு தண்ணி. தூத்துக்குடி சீமையில ஒரு வருசம் முச்சூடும் பேய வேண்டிய மழையவிடக் கூடுதல், ஒரே நாள்ல.

தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்னன்னு கேப்பாவ. கேட்டவன் ஆத்தங்கரையில குடியிருந்திருக்க மாட்டான். ஆத்தங்கரைக்காரனுக்கு சாணுக்கும் கணக்கு உண்டு, முழத்துக்கும் கணக்கு உண்டு. படித்துறையில எத்தனாம் படி முங்கிட்டு, கல்மண்டபத்துல தூணு தெரியுதா, கூரை மட்டுந்தான் தெரியுதா? இத வச்சே மாட்ட அவுக்கணுமா, நெல்லுக் குலுக்கைய மேல ஏத்தணுமா, புள்ளைகளத் தூக்கிக்கிட்டு கெளம்பணுமான்னு முடிவு பண்ணிருவான். அவன் பாத்தது படி. நீ பாக்கிறது பேட்டரி.

இப்பம் ஆத்தப் பத்திச் சொல்லுதேன் கேளு. தாமிரபரணி ரொம்ப நீள ஆறு ஒண்ணும் இல்ல. பொதிகையில பொறந்து புன்னக்காயல்ல கடல்ல சேருத வரைக்கும் 130 கிலோமீட்டர்கூட வராது. ஆனா பொறந்த எடம் ஒசரம். அகத்தியர் மலை 1,800 மீட்டருக்கு மேல. மலையில இருந்து தடதடன்னு எறங்குத தண்ணி, சமவெளிக்கு வந்ததும் பைய நடக்கும். கெழக்க போகப் போக இன்னும் பைய. வழியில மணிமுத்தாறு வந்து சேருது, கடனாநதி சேருது, பச்சையாறு சேருது. சீவலப்பேரியில சிற்றாறு சேருது. குத்தாலத்துல நீ குளிச்சுக் கும்மாளம் போட்ட தண்ணியும் அதுலதான் வருது. மேக்க இருந்து ஓடி வருத தண்ணியும் கெழக்க பைய நடக்குத தண்ணியும் ஒரே எடத்துல முட்டுனா என்ன ஆகும்? அங்கனதான் ஏரல், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் எல்லாம் இருக்கு.

அன்னைக்கு ராத்திரி ஒங்க ஆளுவ என்ன பண்ணுனாவ தெரியுமா? ‘அணை ஒடஞ்சிட்டு’ன்னு செல்லுல பரப்புனாவ. ஏதோ ஒரு நாட்டு அணை ஒடையுத படத்தப் போட்டு, கீழ பாபநாசம்னு எழுதி! அந்த அணையில பனி மூடுன மலை வேற தெரியுது. பொதிகையில எப்பம்லே பனி பேஞ்சுது? அனுப்புனவனும் கேக்கல, வாங்குனவனும் கேக்கல. ‘எதுக்கும் இருக்கட்டும்’னு நாலு குரூப்புக்கு அனுப்பிட்டுத்தான் தூங்கப் போனாவ.

இன்னும் சில பேரு ரொம்ப வெவரம். ‘எல்லாம் அணையத் தெறந்ததாலதான்’னு அடிச்சுச் சொல்லுதாவ. அணையில இருந்தும் தண்ணி வந்துச்சு, இல்லைங்கல. ஆனா காயல்பட்டினத்துல விழுந்த மழைய பாபநாசம் அணை எப்படிலே புடிச்சு வைக்கும்? கடலோரம் பேஞ்ச தண்ணி மேக்க நடந்து மலையேறிப் போயி அணைக்குள்ள படுத்துக்கிடுமா? அணைக்கு மேல பேஞ்சாத்தான் அணை புடிக்கும். அணைக்குக் கீழ பேஞ்சா, ஓடையும் குளமும் வாய்க்காலுந்தான் கதி. 1992 நவம்பர்ல வந்ததும் வெள்ளந்தான். அது மலையில கொட்டுனது. மலைத் தண்ணியும் அணைத் தண்ணியும் ஒண்ணாச் சேந்து வந்து கரையோர ஊருவள அடிச்சுது. 2023ல மலையிலயும் பேஞ்சுது, ஆனா கொட்டித் தீத்தது கெழக்க. ரெண்டும் வேற வேற நோவு. ஒரே மருந்த ரெண்டுக்கும் எழுதுதவன் வைத்தியனாலே?

அணைக்காரன் பாடும் கொஞ்சம் நெனச்சுப் பாரு. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. ஐப்பசியில அணை நெறையலன்னா ‘பிசான நெல்லுக்குத் தண்ணி இல்லையே’ன்னு கலெக்டர் ஆபீசு வாசல்ல உக்காருதோம். மார்கழியில அணை நெறஞ்சு கெடந்தா ‘எதுக்கு நெறைச்சு வச்ச’ன்னு அதே வாசல்ல போயி உக்காருதோம். அவன் பாவம், எடம் வச்சிருந்தா வயலுக்காரன் ஏசுதான், எடம் வைக்கலன்னா வீட்டுக்காரன் ஏசுதான். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொன்னவன் அணைக்காரன நெனச்சுத்தான் சொல்லியிருப்பான்.

பாத்தியா, பேச்சு அணைப் பக்கமே போகுது. அணை பெருசு, படத்துல நல்லா விழும், அதனால எல்லாரும் அதயே பேசுதாவ. பேச வேண்டியது குளத்தப் பத்தி. சின்ன சங்கதி. யாருக்கும் அதுல பெருமை இல்ல.

தாமிரபரணியில அணைக்கட்டு எட்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஏழு ராசாக்க காலத்துல, கடேசி ஒண்ணு வெள்ளக்காரன் காலத்துல. ஒவ்வொண்ணுல இருந்தும் கால் பிரியும். கால்ல இருந்து குளம் நெறையும். இதெல்லாம் சேந்து 86 ஆயிரம் ஏக்கருக்கு மேல பாயுது. அதுல குளத்துக்குக் குளம் உள்ள ஒறவ நீ பாக்கணும். கல்யாணப் பந்தியில சோத்து வாளிக்காரன் ஒரு எலையில ‘போதும்’னு கை காட்டுனா அடுத்த எலைக்குப் போறான்லா? அதேதான். மேலக்குளம் நெறஞ்சா மறுகால் வழியாக் கீழக்குளத்துக்கு. அதும் நெறஞ்சா அடுத்ததுக்கு. கடேசியில ஆத்துக்கோ கடலுக்கோ. மிச்சத் தண்ணிக்குன்னே ஒரு வழிய விட்டு வச்சிருந்தான் கட்டுனவன். அவனுக்கு இஞ்சினியர் பட்டம் இல்ல. வயித்துல பசி இருந்துச்சு, மண்டையில புத்தி இருந்துச்சு.

இப்பம் மறுகால் எங்கன இருக்கு? போய்ப் பாரு. ஒரு எடத்துல கல்யாண மண்டபம். ஒரு எடத்துல கார் நிறுத்துத எடம். ஒரு எடத்துல ‘அரசு அங்கீகாரம் பெற்ற மனைகள்’னு போர்டு. மிச்ச எடத்துல அமலைச் செடியும் உடைமரமும். திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்ட எங்க கட்டுனாவ? வேய்ந்தான்குளத்துல. மழை வந்தா அங்கன தண்ணி நிக்குதுன்னு ஆச்சரியப்படுதாவ! குளத்துல தண்ணி நிக்காம பின்ன பஸ்ஸா நிக்கும்? பழைய குடியிருப்புக்காரன் திரும்பி வாரான். நீதான் நடுவுல வந்து பட்டா வாங்கிட்டு உக்காந்திருக்க.

அதவிட ஒரு கூத்து. வெள்ளம் வருது, வீட்ட விட்டு வெளிய வாங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டிய எடம் எது? கலெக்டர் ஆபீசு. நெல்லையில அது கொக்கிரகுளத்துல, ஆத்துக்கு நேர் கரையில. அந்த டிசம்பர்ல அதச் சுத்தியே தண்ணி. தூத்துக்குடியில அது கோரம்பள்ளத்துல. அங்கன கோரம்பள்ளம் குளம் ஒடஞ்சு தண்ணி நகரத்துக்குள்ள போயிட்டு. ரெண்டு சீமைக்கும் எச்சரிக்க வேண்டியவுகளத்தான் மொதல்ல ஆரோ எச்சரிச்சிருக்கணும். சிரிக்காதலே. அவுக என்ன பண்ணுவாவ, கட்டுன எடம் அப்படி.

தூத்துக்குடிக்குள்ள பக்கிள் ஓடைன்னு ஒண்ணு இருக்கு. ஊருத் தண்ணிய கடலுக்குக் கொண்டு போகத்தான் அது. நாம என்ன பண்ணுனோம்? பிளாஸ்டிக் பையி, சாக்கடை, கட்டட இடிசல் எல்லாத்தயும் அதுக்குக் காணிக்க போட்டோம். பொறவு மழைக்கு அது ஓடலன்னு கோவப்படுதோம். உப்பளத்துக்காரன் குவிச்சு வச்ச உப்பு கரைஞ்சு போச்சு, வாழைக்காரன் தாரோட சாஞ்ச வாழையப் பாத்து நின்னான். அவனுக என்ன பாவம் பண்ணுனானுவ?

இப்பம் நெல்லையில ஒரு பெரிய மனுசனக் காட்டுதேன். குறுக்குத்துறை முருகன். அவரு வீடு ஆத்துக்கு நடுவுலயே இருக்கு. வீடு கட்டுனவன் புத்திசாலி. தண்ணி வருத பக்கத்துச் செவர ஓடத்து மூக்காக் கூராக்கி வச்சான். வருத வெள்ளம் செவர முட்டாம ரெண்டா வகுந்து ஓடிரும். அப்படிக் கட்டியும் என்ன பண்ணுதாவ? வெள்ளம் வருதுன்னா, உற்சவரயும் சாமான் செட்டயும் தூக்கிக்கிட்டு மேட்டுல இருக்கிற மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிருவாவ. மூலவரு பாறையில இருக்காரு, அவரு அங்கனயே முங்கிக் கெடப்பாரு. தண்ணி வடிஞ்சதும் சேத்தக் கழுவிட்டு, திரும்ப வந்து உக்காந்துக்கிடுவாரு. ஒரு புகார் மனு உண்டா? ஒரு பேட்டி உண்டா?

சூரசம்காரம் பண்ணுன சாமியே தண்ணி வந்தா மேட்டுக்குப் போறாரு. அவருக்கு அதுல மானக்கேடு இல்ல. நம்ம அடுக்குமாடிக்காரருக்கு மட்டும் மானக்கேடு. ‘சோபா போயிரும், டிவி போயிரும்’னு அங்கனயே உக்காந்திருக்காரு. சாமி வேலத் தூக்கிட்டுக் கெளம்பியாச்சு, இவரு ரிமோட்ட விட மாட்டேங்காரு. பொறவு ரப்பர் படகு வந்து கூப்பிட்டா, ‘லக்கேஜு எத்தன கிலோ கொண்டு வரலாம்’னு கேப்பாரு.

பாலத்தயும் பாரு. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவுல இருக்கிற சுலோசன முதலியார் பாலம். கலெக்டர் ஆபீசுல சிரஸ்தாரா இருந்த மனுசன், தன் கைக்காசப் போட்டுக் கட்டுனது. 1843ல தெறந்தாவ. 1869 வெள்ளம் அதுல ஒரு பங்கக் கொண்டு போயிட்டு. அந்தக் காலத்து ஆளுவ ஒண்ணும் தப்பே செய்யாத தேவாதி தேவன்மாரு இல்லலே. போச்சு. திரும்பக் கட்டுனாவ. 2023ல ஆறு முழு வேகத்துல வந்தப்பவும் நின்னுச்சு. ஏரல்ல என்ன ஆச்சு? பாலம் கெடக்கு, பாலத்துக்குப் போற ரோட்ட ஆறு அறுத்துட்டுப் போயிட்டு. ஆறு கரையத் தின்னும்னு ஆத்தங்கரையில பொறந்த எந்தப் புள்ளைக்கும் தெரியும்.

தண்ணி வடிஞ்ச பொறவு நடக்குத கூத்து இருக்கே, அதுக்கு டிக்கெட் போட்டாக் கூட்டம் வரும். மொதல்ல பெரியவுக வருவாவ. முழங்கால் வரைக்கும் புது ரப்பர் பூட்சு. காமிராக்காரன் பின்னால நடப்பான். ‘இன்னும் கொஞ்சம் ஆழத்துல நில்லுங்கய்யா’ன்னு அவன் சொல்லுவான், இவரு நிப்பாரு. டிரோன் பறக்கும். பறந்து என்ன கண்டுபிடிக்கும்? ‘தண்ணி இருக்கு’ன்னு கண்டுபிடிக்கும். கீழ நிக்குத கெழவி கழுத்தளவு தண்ணியில நின்னு அதத்தானலே கத்துதா?

அடுத்து வழக்கு. சேப்பு எச்சரிக்க கொடுத்தோம்னு டெல்லிக்காரவுக சொன்னாவ. லேட்டாத்தான் கொடுத்தியன்னு சென்னைக்காரவுக சொன்னாவ. ரெண்டு பேரும் தேதி சொன்னாவ, மணி சொன்னாவ. ஏரல்ல கூரை மேல உக்காந்திருந்தவனுக்கு ரெண்டு பேரு சொன்னதும் கேக்கல. கரண்டு இல்லல்லா, டிவி ஓடல. பொறவு நிவாரணம் 6,000 ரூவா. வேண்டாம்னு சொல்லல, வாங்கிக்கிட்டோம். ஆனா 6,000 ரூவாய்க்கு மறுகால் கெடைக்குமா?

பேசுனவன் பேசிக்கிட்டிருக்கையில வேல செஞ்சவன் எவன்னு கேளு. மழை கொட்டுன அன்னைக்கு ராத்திரி திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குப் போன செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு போச்சு. தண்டவாளத்துக்குக் கீழ இருந்த சல்லி, மண்ணு எல்லாத்தயும் வெள்ளம் வாரிட்டுப் போயிட்டு, கம்பி மட்டும் தொங்குது. மேற்கொண்டு போகாம நிறுத்துனாவ பாரு, அதுல பொழச்சுது 800 பேரு உசுரு. சுத்திலும் தண்ணி. ஹெலிகாப்டர் வருததுக்கு முன்னால சோறு எங்க இருந்து வந்துச்சு? பக்கத்துப் புதுக்குடிக்காரவுக வீட்டுல இருந்த அரிசி பருப்பக் கொண்டாந்து கோயில்ல ஒலை வச்சாவ. அவுக ஊருலயும் வெள்ளந்தான். கடல்கரையில இருந்து மீன்புடிக்கிறவுக வள்ளத்த லாரியில ஏத்திக்கிட்டு ஊருக்குள்ள வந்தாவ. தெருவுல வள்ளம் ஓட்டி ஆள எடுத்தாவ. அவுக ஆருக்கும் அடையாள அட்டை கழுத்துல தொங்கல. தண்ணி எப்படிப் போகும்னு அவுகளுக்குத் தெரியும், அம்புட்டுத்தான்.

இப்பம் நீ கேப்ப, ‘தாத்தா, அப்பம் தப்பு பூராவும் எங்க மேலயா’ன்னு. சேச்சே. குளத்துப் புறம்போக்குல மொத வேலி போட்டவன் ஒன் வயசுக்காரன் இல்ல, என் சோட்டுக்காரன். குடிமராமத்துன்னா வீட்டுக்கு ஒரு ஆளு மம்பட்டியோட போயி கால்வாய வெட்டி விடணும். ‘எனக்கு முதுகு வலி’ன்னு மொதல்ல போகாம இருந்ததும் அவன்தான். இப்பம் திண்ணையில உக்காந்து ‘அந்தக் காலத்துல குளம் கடலாக் கெடக்கும்’னு வாய் கிழியப் பேசுதான். பேசட்டும். ஆனா அவன் வீட்டுக் கொல்லைய அளந்து பாரு, குளத்துல அஞ்சு சென்டு சேந்து வரும்.

இன்னொண்ணும் சொல்லிருதேன். 95 சென்டிமீட்டர் பேஞ்சா எந்த ராசா கட்டுன குளமும் தெணறும். எல்லாத்தயும் சரியா வச்சிருந்தாலும் தண்ணி வரத்தான் செய்யும். ஆனா முட்டளவு வந்து ராத்திரியோட வடியுத தண்ணிக்கும், கழுத்தளவு வந்து ஒரு வாரம் குடியிருக்கிற தண்ணிக்கும் வித்தியாசம் உண்டுல்லா? முன்னது மழை செஞ்சது. பின்னது நாம செஞ்சது.

நீ பெங்களூர்ல சம்பாதிச்சு ஊருல மனை வாங்கப் போறன்னு கேள்விப்பட்டேன். ரொம்பச் சந்தோசம். புரோக்கர் ஒன்ன எப்பம் கூட்டிட்டுப் போனான்? சித்திரையில. லீவுல வந்தப்பம். வெயிலு சுள்ளுன்னு அடிக்கும், நெலம் பாளம் பாளமா வெடிச்சிருக்கும், நாலு மூலையிலயும் வெள்ளக் கல்லு நட்டிருப்பான். எடமே காட்டாந்தரையாக் கெடக்கேன்னு நெனச்சு நீயும் அட்வான்சு கொடுத்துருவ. சித்திரையில கொளமும் காட்டாந்தரைதாம்லே! கார்த்திகையில போ. மார்கழியிலயும் ஒருக்கப் போ. செருப்பக் கழத்திக் கையில வச்சுக்கிட்டு நட. எங்கன கால் பொதையுதோ, அதுதான் ‘பூஜை ரூம் வரும்’னு ஒனக்கு அவன் காட்டுன எடம்.

வெவரம் ஆருட்ட கேக்கணும் தெரியுமா? பத்திரம் எழுதுதவன்ட்ட இல்ல. அங்கன ஆடு மேய்க்கவன்ட்ட கேளு. ‘அய்யா, மழைக்காலத்துல ஆட்ட எங்கன ஓட்டிட்டுப் போவிய’ன்னு கேளு. அவன் காட்டுத எடத்துல மனை வாங்கு. பழைய ஊரு நத்தம் எங்கன இருக்குன்னு பாரு. மேட்டுலதான் இருக்கும். பழைய வீட்டுத் திண்ணை எம்புட்டு ஒசரம்னு பாரு. பட்டாசலுக்குப் போக எத்தன படி ஏறணும்னு எண்ணு. அந்தப் படி சும்மா அழகுக்கு வச்சதில்ல, தண்ணி வந்த கணக்க வச்சுக் கட்டுனது. நீ என்ன பண்ணப் போற? காரு நேரா உள்ள வரணும்னு ரோட்டு மட்டத்துக்கு வீடு கட்டுவ. ரோட்டுக்காரன் பழைய ரோட்டச் சொரண்டாம வருசா வருசம் மேல மேல தாரு ஊத்துவான். பத்து வருசத்துல ரோடு மாடிக்குப் போயிரும், நீ கெடங்குக்குப் போயிருவ. காரு வந்த வழியிலயே தண்ணியும் வரும். அதுக்கு லைசென்சு வேண்டாம்.

முத்தம் முச்சூடும் சிமெண்டு போடாத. மண்ணு கொஞ்சம் வாயத் தெறந்து குடிக்கட்டும். அடுக்குமாடியில வாங்குனா ஒண்ணு மட்டும் கேளு, ஜெனரேட்டர எங்கன வச்சிருக்கியன்னு. பெருமையா ‘பேஸ்மெண்ட்ல சார்’னு சொல்லுவான். நல்லா யோசிச்சுப் பாரு. தண்ணி வந்தா கரண்டு போகும். கரண்டு போனா ஜெனரேட்டர் ஓடணும். ஜெனரேட்டர் எங்க? தண்ணிக்குள்ள. மோட்டார் ஓடுனாத்தான் தண்ணிய வெளிய எறைக்கலாம். மோட்டார் ஓட ஜெனரேட்டர் வேணும். இத யோசிச்சவருக்கு ஒரு நாலு எழுத்துப் பட்டம் இருக்கும், சுவத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருப்பாரு.

ஆத்தப் பாத்து வீடு வாங்கவும் ஆச கெடக்கு ஒனக்கு. ஜன்னலத் தெறந்தா ஆறு தெரியணுமாம். அதுக்குக் கூடக் காசு வாங்குதான். நீ ஆத்த எட்டிப் பாத்தா, ஒரு நாளு ஆறும் ஒன்ன எட்டிப் பாக்கும், அதே ஜன்னல் வழியா. காத்து வாங்கணும்னா சாயங்காலம் படித்துறைக்கு நடந்து போ. காசும் மிச்சம், காலுக்கும் நல்லது.

பத்திரத்தயும் ஆதாரையும் பீரோ அடித்தட்டுல வைக்காத, பரண்ல வையி. ஒங்க தெருவுல நடக்க முடியாத கெழவன் கெழவி எத்தன பேரு இருக்காவன்னு ஒரு தாள்ல எழுதி வையி. எந்த வீட்டுல தட்டட்டிக்குப் படி இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்க. அந்த வீட்டுக்காரன்ட்ட சண்ட போடாத. இதுக்கெல்லாம் ஆப்பு வேண்டாம், அடுத்த வீட்டுக்காரன் பேரு தெரிஞ்சாப் போதும். ஒனக்குத் தெரியுமா? அவன் நாய் பேரு தெரியும். அவன் பேரு?

கடேசியா ஒரு யோசனை. முன்பணம் கொடுக்கையில அந்தப் புரோக்கர்ட்ட பைய ஒரு வார்த்த கேளு. ‘அண்ணாச்சி, இம்புட்டு அருமையான எடமா இருக்கே, நீங்க ஏன் இங்கனயே ஒரு மனை வாங்கிப் போடல?’ன்னு. மொதல்ல தொண்டையக் கனைப்பான். பொறவு, ‘எனக்கு அந்தால மேட்டுப் பக்கம் சொந்த வீடே இருக்கு தம்பி’ன்னு சிரிப்பான்.

நீயும் சிரிச்சுக்கிட்டே பணத்த மடியில திரும்ப முடிஞ்சுக்கிட்டு, அந்த மேட்டுப் பக்கம் எடம் எதும் வெலைக்கி வருதான்னு கேளுலே.